மருவில் உள்ள வைரஸ்தான் தோல் புற்றுநோயைத் தொடங்கி வைக்கிறதா?

களியக்காவிளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாய்மாமா கொல்லங்கோடு கரையில் வருடக்கணக்காகக் கடல் தொழில் செய்தவர், வள்ளத்தில் சட்டை போடாமல் வெயிலில் நின்றே பழகியவர். 11 வருடத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் கிட்னி மாற்றியிருக்கிறார்கள். இப்போது இரண்டு கையிலும் நிறைய மரு. அதில் வலது புறங்கையில் இருக்கும் ஒன்று மட்டும் தடித்து, பொருக்குத் தட்டி, துணி உரசினாலே ரத்தம் கசிகிறது. பயாப்சி எடுத்ததில் ஸ்குவாமஸ் வகைத் தோல் புற்றுநோய், ஆரம்ப நிலை, மேல்தோலைத் தாண்டவில்லை என்று வந்திருக்கிறது. மருவில் இருந்த வைரஸ்தான் புற்றுநோயாக மாறியதா, அதற்கு வைரஸ் டெஸ்டோ தடுப்பூசியோ தேவையா என்று கேட்கிறார். வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்குத் தொற்றுமா என்றும் பயம், மாமி தட்டையும் டம்ளரையும்கூடத் தனியாக எடுத்து வைத்துவிட்டாராம். கிட்னிக்குப் போடும் மாத்திரைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று யாரோ சொன்னதால் அதை நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறார்கள்.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். மாத்திரையை நிறுத்தக் கூடாது, அளவைக் குறைக்கவும் கூடாது, ஒரு வேளைகூட விடக் கூடாது. மேல்தோலோடு நிற்கும் புற்றுநோயை வெட்டி எடுத்துவிடலாம், அதோடு அந்த இடம் பெரும்பாலும் குணமாகிவிடும். மாத்திரையை நிறுத்தி கிட்னி போனால் திரும்ப டயாலிசிஸ். அந்த மாத்திரைக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்பது உண்மைதான், அதைக் கீழே விளக்குகிறேன், ஆனால் மருந்தை மாற்றுவதை கிட்னி மருத்துவர் மட்டும்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் மாற்றுவார்.

சரி, இனி வைரஸ் விஷயம். குழித்துறைப் பக்கம் தோல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை வெவ்வேறு வடிவத்தில் அடிக்கடி கேட்கிறேன், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் மருவுக்கும் ஒரே வைரஸ்தான் காரணம் என்று எங்காவது படித்துவிட்டுக் கையில் மரு உள்ள பிள்ளையை அழைத்துக்கொண்டு பதறி ஓடி வரும் அம்மாக்களையும் பார்க்கிறேன். குழப்பம் வருவதற்குக் காரணம், மருவை உண்டாக்கும் எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்பது ஒரே ஒரு வைரஸ் இல்லை, 200க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட பெரிய குடும்பம். அந்தக் குடும்பத்துக்குள் ஒரு கிளை செய்வதை இன்னொரு கிளை செய்வதில்லை. கையிலும் காலிலும் வரும் சாதாரண மரு (நம் பக்கம் அரிம்பாறை என்றும் சொல்வார்கள்) பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 போன்ற வகைகளால் வருவது, அவை புற்றுநோயாக மாறுவதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் முக்கியமானவை 16, 18 ஆகிய வகைகள். அவை ஆல்பா என்ற கிளையைச் சேர்ந்தவை. தோல் புற்றுநோயில் சந்தேகம் விழுவது பீட்டா என்ற வேறொரு கிளையின் மேல். 5, 8, 38 போன்றவை அதில் வரும். இந்த பீட்டா வைரஸ்கள் பெரும்பாலும் மருவை உண்டாக்குவதே இல்லை. பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும் தோலிலும் முடியின் வேர்க்காலிலும் சத்தமில்லாமல் இருக்கும். உங்கள் மாமாவின் கையில் கண்ணுக்குத் தெரியும் மருக்களில் இருக்கும் வைரஸும் புற்றுநோயில் சந்தேகப்படும் வைரஸும் ஒன்றாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். மரு நிறைய இருப்பது என்னத்தைக் காட்டுகிறது என்றால், வைரஸை அடக்கி வைக்கும் எதிர்ப்புச் சக்தி தளர்ந்திருக்கிறது என்பதை. அந்த அளவில் அது முக்கியமான அறிகுறி.

வைரஸால் புற்றுநோய் வரும் என்ற எண்ணமே நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1911இல் நியூயார்க்கில் பெய்டன் ரவுஸ் என்பவர் கோழியின் கட்டியை அரைத்து, செல் எதுவும் போகாத அளவுக்கு வடிகட்டி, அந்த நீரை வேறு கோழிக்கு ஊசி போட்டு அதே கட்டியை உண்டாக்கிக் காட்டினார். அதற்கு நோபல் பரிசு 1966இல்தான் கிடைத்தது. 1933இல் ரிச்சர்ட் ஷோப் காட்டு முயல்களின் தோலில் கொம்பு மாதிரி வளரும் மருக்களுக்கு ஒரு வைரஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்தார், ரவுஸ் அந்த முயல் மருக்கள் நாளடைவில் புற்றுநோயாக மாறுவதையும், தோலில் தார் பூசி அந்த வைரஸையும் கொடுத்தால் புற்றுநோய் இன்னும் வேகமாக வருவதையும் காட்டினார். தார் மட்டும் இல்லை, வைரஸ் மட்டும் இல்லை, இரண்டும் சேரும்போதுதான் மோசமாகிறது. இன்றைக்குத் தாரின் இடத்தில் வெயிலை வைத்துப் பாருங்கள், மனிதத் தோலைப் பற்றிப் பேசும் எல்லா ஆராய்ச்சியும் அங்கேதான் வந்து நிற்கிறது.

மனிதர்களில் முதல் துப்பு ஒரு அரிய பரம்பரை நோயிலிருந்து வந்தது. 1922இல் லெவண்டோவ்ஸ்கி, லூட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் அதை எழுதி வைத்தார்கள், எபிடெர்மோடிஸ்பிளேசியா வெருசிஃபார்மிஸ் என்று நாக்கில் ஒட்டாத பெயர். சின்ன வயதிலேயே உடம்பு முழுக்கத் தட்டையான மருக்களும், பார்த்தால் தேமல் மாதிரியே இருக்கும் வெளிறிய படைகளும் வரும், எந்த மருந்துக்கும் போகாது. முப்பது, நாற்பது வயதுக்குள் இவர்களில் பாதிப்பேர் வரைக்கும் தோல் புற்றுநோய் வரும், அதுவும் நெற்றி, கை என்று வெயில் படும் இடங்களில். வார்சாவில் ஸ்டெஃபானியா யப்லோன்ஸ்காவும் பாரிஸில் ஜெரார்ட் ஆர்த்தும் 1970களில் இவர்களுடைய தோலில் தேடியபோது கிடைத்ததுதான் 5, 8 வகை பீட்டா வைரஸ்கள். 2002இல் இதற்கான மரபணுக்கள் இரண்டைக் கண்டுபிடித்தார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும், அதனால் சொந்தத்துக்குள் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் கொஞ்சம் கூடுதலாகத் தென்படும். நம் ஊரில் தாய்மாமா, அத்தை மகன் என்று முடிக்கும் பழக்கம் இருப்பதால் இதைச் சொல்கிறேன். வருடக்கணக்காகப் போகாத தேமல் ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் இருந்தால் களிம்பு மாற்றி மாற்றிப் போடுவதை விட்டுவிட்டு ஒரு தடவை பயாப்சி எடுத்துப் பாருங்கள். இன்னொரு விஷயம், இதே நோய் உள்ள ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவர்களிடம் புற்றுநோய் வருவது குறைவு என்று பதிவாகியிருக்கிறது. வைரஸ் அதேதான், வெயிலைத் தடுக்கும் நிறமி மட்டும் கூடுதல்.

இதை வைத்து, எல்லோருடைய தோல் புற்றுநோய்க்கும் இந்த வைரஸ்தான் காரணம் என்று சொல்லிவிட முடியுமா? அப்படித்தான் பலர் எதிர்பார்த்தார்கள். ஆனால் நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களின் ஸ்குவாமஸ் புற்றுநோயை எடுத்துத் தேடினால் வைரஸ் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஒவ்வொரு புற்று செல்லிலும் வைரஸின் மரபணு வேலை செய்துகொண்டே இருக்கும், அதை நிறுத்தினால் செல் செத்துவிடும். தோல் புற்றுநோயில் ஆயிரக்கணக்கான செல்லுக்கு ஒரு பிரதிகூடத் தேறாது. 2011இல் புற்றில் ஓடும் ஆர்.என்.ஏ. எல்லாவற்றையும் படித்துப் பார்த்த ஒரு அமெரிக்கக் குழு, எச்.பி.வி. அங்கே வேலை செய்வதற்கான தடயமே இல்லை என்று எழுதியது. அப்படியானால் வைரஸுக்குச் சம்பந்தமில்லை என்று பலர் அத்தோடு மூட்டை கட்டிவிட்டார்கள்.

ஆனால் ஆரம்ப நிலையைப் பார்த்தவர்களுக்கு வேறு கணக்கு கிடைத்தது. புற்றுநோய்க்கு முந்தைய சொரசொரப்பான படை ஒன்று இருக்கிறது, ஆக்டினிக் கெரடோசிஸ் என்பார்கள். வெயிலில் வருடக்கணக்காக அடிபட்ட நெற்றியிலும் வழுக்கைத் தலையிலும் புறங்கையிலும் உப்புத்தாள் மாதிரி தட்டுப்படும். அதில் பீட்டா வைரஸின் அளவு முற்றிய புற்றில் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தது. அதாவது தொடக்கத்தில் நிறைய, போகப் போகக் குறைவு. இந்தத் தலைகீழ்க் கணக்கிலிருந்துதான், வைரஸ் தொடங்கி மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. ஆராய்ச்சியாளர்கள் இதை 'ஹிட் அண்ட் ரன்' என்கிறார்கள்.

அது எப்படி நடக்க முடியும் என்று புரிந்துகொள்ள, தோலில் வெயில் பட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் செல்லின் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒட்டவைத்துவிடும். செல்லுக்குள் அதை வெட்டித் திருத்தும் புரதங்கள் உண்டு. திருத்த முடியாத அளவுக்குச் சேதம் என்றால் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும், கடும் வெயிலுக்கு அப்புறம் தோல் உரிவதில் ஒரு பங்கு இதுதான். ஆக ஒரு பழுதான செல் தங்கிவிடாமல் இருக்க இரண்டு பாதுகாப்பு: திருத்துவது, அல்லது சாவது. இப்போது வைரஸ் பக்கம் வாருங்கள். எச்.பி.வி.க்குத் தன்னைப் பெருக்கிக்கொள்ள சொந்த இயந்திரம் கிடையாது, செல்லின் இயந்திரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் தோலின் மேலடுக்குக்கு வந்த செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டு முதிர்ந்து உதிரப் போகிறவை, அங்கே இயந்திரம் ஓடாது. அதனால் வைரஸ் அந்தச் செல்லை முதிரவிடாமல், சாகவும் விடாமல் பிடித்து வைக்கிறது. பீட்டா வகைகளின் ஈ6 என்ற புரதம் பி300 என்ற புரதத்தைச் சிதைப்பதால் டி.என்.ஏ. திருத்தும் வேலை மந்தமாகிறது, பேக் என்ற புரதத்தைத் தடுப்பதால் செல் சாக வேண்டிய நேரத்தில் சாகாது, நாட்ச் என்ற முதிர்ச்சிச் சமிக்ஞையையும் அதே ஈ6 தடுக்கிறது. புற்றுநோயை உண்டாக்குவது வைரஸின் தேவையே இல்லை. தான் பிழைத்துப் பெருகுவதற்காகச் செய்யும் வேலை, வெயில் பட்ட செல்லில் இப்படி முடிந்துவிடுகிறது.

ராத்திரிக் காவல்காரனைத் தூங்க வைத்தவன் எதையும் எடுக்காமலே போய்விடலாம், திருட்டு அதற்கப்புறம் வேறு ஒருவன் கையால் நடக்கும், காலையில் தேடினால் முதலாமவனின் கைரேகை பூட்டில்கூட இருக்காது. அப்படித்தான் இதுவும். செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பி53 போன்ற மரபணுக்களை வெயில்தான் கெடுக்கிறது. போதுமான மரபணுக்கள் கெட்டபின் செல் தானாகவே பெருகும், வைரஸின் உதவி அதற்கப்புறம் தேவையில்லை. தேவையில்லாத வைரஸ் செல்லுக்குள் இருந்தால் எதிர்ப்புச் சக்திக்குத்தான் அடையாளம் காட்டிக் கொடுக்கும், அதனால் வைரஸை இழந்த செல்களே மேலோங்கி வளர்கின்றன.

வெறும் ஊகமா இது என்றால், விலங்குகளில் நன்றாகவே காட்டியிருக்கிறார்கள். பிரான்ஸில் லியோன் நகரத்தில் மாசிமோ டொம்மாசினோவின் குழு 38ஆம் வகை வைரஸின் ஈ6, ஈ7 மரபணுக்களை எலியின் தோலில் வேலை செய்ய வைத்தது. புற ஊதாக் கதிர் காட்டாதவரை அந்த எலிகளுக்குப் புற்றுநோய் இல்லை. காட்டியபோது வந்தது, அதே அளவு கதிர் பட்ட சாதாரண எலிகளுக்கு வரவில்லை. 2018இல் அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை: படை உருவானபின் அந்த வைரஸ் மரபணுக்களை வெட்டி நீக்கினார்கள், புற்று நிற்காமல் வளர்ந்தது. ஆனால் கதிர் காட்டுவதற்கு முன்பே நீக்கிவிட்டால் புற்று தடுக்கப்பட்டது. தொடக்கத்துக்கு வைரஸ் தேவை, தொடர்வதற்குத் தேவையில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அதற்கு முந்தைய வருடம் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் மாஸ்டோமிஸ் என்ற ஆப்பிரிக்க எலியை வைத்து இன்னொரு குழு செய்தது, அந்த எலிக்கு இயற்கையாகவே ஒரு பாப்பிலோமா வைரஸ் தொற்றும். வைரஸும் கதிரும் சேர்ந்த எலிகளுக்குப் புற்றுநோய் மிக அதிகமாக வந்தது, செல்கள் ஓரளவு இயல்பாக முதிரும் வகைப் புற்றில் வைரஸ் நிறைய, ஒழுங்கு குலைந்த மோசமான வகையில் வைரஸ் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது.

இதனால்தான் தம்பி கேட்ட வைரஸ் டெஸ்டுக்கு என் பதில், வேண்டாம். வெட்டி எடுத்த திசுவில் வைரஸ் இல்லை என்று வந்தால் தொடக்கத்தில் இருந்திருக்காது என்று அர்த்தமில்லை. இருக்கிறது என்று வந்தால் அதுதான் செய்தது என்றும் அர்த்தமில்லை, ஏனென்றால் என் புருவ முடியைப் பிடுங்கித் தேடினாலும் உங்கள் புருவ முடியைத் தேடினாலும் பீட்டா வைரஸ் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். எது வந்தாலும் சிகிச்சை மாறப் போவதில்லை, காசு மட்டும் போகும்.

இரண்டு இடங்களில் மட்டும் கதை வேறு. நகத்தைச் சுற்றி வரும் ஆரம்பப் புற்றும் பிறப்புறுப்புத் தோலில் வருவதும். அங்கே அடிக்கடி சிக்குவது 16ஆம் வகை, கர்ப்பப்பை வாயில் வரும் அதே வைரஸ், அது தொடங்கி வைத்துவிட்டுப் போவதில்லை, கூடவே இருந்து புற்றை ஓட்டும். நகத்தோரம் ஒரே விரலில் வருடக்கணக்காக ஒரு மரு இருக்கிறது, ஆசிட் வைத்தாச்சு, உறைய வைத்தாச்சு, திரும்பத் திரும்ப வருகிறது என்று நடுத்தர வயதுக்காரர் வந்தால் நான் அதை மரு என்று நம்பமாட்டேன், பயாப்சிக்குத்தான் அனுப்புவேன். இது நம் பக்கம் நிறையத் தவறிப்போகும் ஒன்று, அதிலும் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கும் பெண்களின் விரல்கள் அண்டி எண்ணெயால் எப்போதும் கறுத்தும் புண்ணாகியும் இருப்பதால் நகத்தோரத்தில் இருக்கும் ஒரு புண்ணை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை.

மெர்க்கல் செல் புற்றுநோய் என்று இன்னொன்று இருக்கிறது, அரியது, வயதானவர்களுக்கு வரும், வேகமாகப் பரவும். 2008இல் பிட்ஸ்பர்க்கில் யுவான் சாங், பாட்ரிக் மூர் தம்பதியின் ஆய்வுக்கூடத்தில் அதற்குள் ஒரு புதிய பாலியோமா வைரஸைக் (பாப்பிலோமா இல்லை, இது வேறு குடும்பம்) கண்டுபிடித்தார்கள். 10 கட்டிகளில் 8இல் இருந்தது. வெயில் கொளுத்தும் ஆஸ்திரேலியாவில் மட்டும் வைரஸ் இல்லாத மெர்க்கல் புற்று அதிகம், அங்கே வெயிலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இதே தம்பதிதான் 1994இல் கபோஸி சார்கோமா என்ற புற்றுநோய்க்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸையும் கண்டுபிடித்தவர்கள். மற்றபடி தோல் புற்றுநோயின் வேறு வகைகளான மெலனோமாவிலும் பேசல் செல் புற்றிலும் வைரஸுக்குப் பங்கு இருப்பதாக நிரூபணம் எதுவும் இல்லை, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இப்போது உங்கள் மாமாவின் மாத்திரைக்கு வருகிறேன், மாற்றிய கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரை அது. கிட்னி மாற்றியவர்களுக்கு ஸ்குவாமஸ் வகைத் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட 65 முதல் 250 மடங்கு என்று வெள்ளைக்காரர் நாடுகளில் கணக்கிட்டிருக்கிறார்கள். சாதாரணமாக அங்கே பேசல் செல் வகைதான் அதிகம், மாற்று உறுப்பு வைத்தவர்களில் அது தலைகீழாகி ஸ்குவாமஸ் முந்திவிடுகிறது. நம் தோலுக்கு அந்த மடங்குக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, நிறமி நம்மை நன்றாகவே காப்பாற்றுகிறது, இந்தியாவில் மொத்தப் புற்றுநோயில் தோல் புற்றுநோயின் பங்கு மிகச் சிறியது. ஆனாலும் எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் ஆபத்து கூடும் என்பது எல்லாத் தோலுக்கும் பொருந்தும். அதிலும் அசாத்தயோபிரின் என்ற பழைய மாத்திரை தோலை வெயிலின் ஒரு பகுதிக்குக் கூடுதலாகக் கூச வைக்கிறது, எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதோடு நேரடியாகவும் டி.என்.ஏ.வைக் கெடுக்கிறது. மாமா எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. சிரோலிமஸ் என்ற மருந்துக்கு மாற்றினால் புதிதாகப் புற்று வருவது குறைகிறது என்று 2012இல் ஐரோப்பாவில் ஒரு நல்ல ஆய்வு வந்தது, ஆனால் அந்த மருந்துக்கும் புண் ஆறுவது தாமதமாவது, சிறுநீரில் புரதம் போவது என்று பக்கவிளைவுகள் உண்டு, எல்லா கிட்னிக்கும் ஒத்துவராது. இந்தக் கேள்வியை கிட்னி மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள், பயாப்சி முடிவைக் கையில் கொண்டு போய்க் கேளுங்கள். பல வீடுகளில் தோல் மருத்துவருக்கு ஒரு ஃபைல், கிட்னி மருத்துவருக்கு ஒரு ஃபைல், இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் ஏன் புற்று வருகிறது என்பதில்தான் இன்றைக்குப் பெரிய விவாதமே. வைரஸ் கட்டவிழ்ந்து பெருகுவதால் என்று ஒரு பக்கம். 2019இல் பாஸ்டனில் ஷாட்மெர் டெமெரியின் குழு இதைத் திருப்பிப் போட்டது. தோலில் இருக்கும் சாதுவான பாப்பிலோமா வைரஸ்களுக்கு எதிராக நம் உடம்பு வளர்த்து வைத்திருக்கும் டி செல்கள் (எதிர்ப்புச் சக்தியின் ஒரு வகை வெள்ளை அணுக்கள்), வைரஸ் உள்ள செல்களைத் தேடி அழிக்கும்போது வெயிலில் கெட்டுப்போன செல்களையும் சேர்த்துத் துடைத்துவிடுகின்றன, அதனால் அந்த வைரஸ் இருப்பது நமக்கு ஒரு வகையில் பாதுகாப்பு என்று எலிகளில் காட்டினார்கள். மாத்திரையால் அந்த டி செல்கள் ஓய்ந்துவிடுவதால்தான் புற்று வருகிறது என்பது அவர்கள் வாதம். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை. எதிர்ப்புச் சக்தி விழித்திருக்கும்வரை வைரஸ் சாது, சில சமயம் உபகாரியும்கூட. அது தளர்ந்துவிட்டால் அதே வைரஸ் வெயிலுக்குத் துணை போகிறது.

2025இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நோயாளியின் கதை இதற்குப் பொருந்துகிறது. 34 வயதுப் பெண், நெற்றியில் தோல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கும் மருந்துக்கும் அடங்காமல் திரும்பத் திரும்ப வந்தது. வெயிலால் வரும் சேதத்தைத் திருத்தும் சக்தி அவருக்குச் சரியாகவே இருந்தது. டி செல்கள் சரியாக வேலை செய்யாத ஒரு பரம்பரைக் குறை மட்டும் இருந்தது. பார்த்தால் 19ஆம் வகை பீட்டா வைரஸ் புற்று செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்து புரதம் செய்துகொண்டிருந்தது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்து டி செல்களைப் புதிதாகக் கொடுத்ததும் புற்றும் மருக்களும் போய்விட்டன, மூன்று வருடத்துக்கு மேல் திரும்பவில்லை. எல்லோருக்கும் இப்படி என்று இதை நீட்டக் கூடாது. ஆனால் எதிர்ப்புச் சக்தி இல்லாத இடத்தில் பீட்டா வைரஸ் கடைசிவரை கூடவே இருந்து புற்றை நடத்தவும் கூடும் என்பதற்கு இது நேரடியான சாட்சி.

குழந்தைகளுக்குத் தொற்றுமா? புற்றுநோய் தொற்றாது. தட்டு, டம்ளர், துணி, தொடுவது, மடியில் உட்கார வைப்பது எதிலும் இல்லை. பீட்டா வைரஸைப் பொறுத்தவரை, பிறந்த சில நாட்கள், வாரங்களிலேயே பெற்றோரின் தோலிலிருந்து குழந்தையின் தோலுக்கு அது வந்துவிடுகிறது, மாமா தொட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை. சாதாரண மரு தொற்றும், அதற்குத் தோர்த்தும் (துண்டும்) ஷேவிங் பிளேடும் தனியாக வைத்துக்கொண்டால் போதும். மாமியிடம் தட்டைப் பழையபடி வைக்கச் சொல்லுங்கள், புற்றுநோய் என்று கேட்டு ஏற்கெனவே உடைந்து போயிருக்கும் மனிதரைச் சாப்பாட்டு நேரத்தில் ஒதுக்குவது பெரிய கொடுமை.

தடுப்பூசி விஷயத்தில் தெளிவாக இருங்கள். இந்தியாவில் கிடைக்கும் செர்வாவாக் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைக்கு, கார்டசில் 9 ஒன்பது வகைக்கு. எல்லாமே ஆல்பா கிளை, பீட்டா ஒன்றுகூட இல்லை. இந்தத் தடுப்பூசி போட்டபின் தோல் புற்றும் ஆக்டினிக் கெரடோசிஸும் குறைந்ததாக 2017இலிருந்து சில சிறிய ஆய்வுகள் வந்திருக்கின்றன, ஆனால் அதை நம்பி மாமாவுக்குப் போடச் சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை. வீட்டில் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குக் கட்டாயம் போடுங்கள், அது கர்ப்பப்பை வாய்க்காக.

மாமாவுக்குச் செய்ய வேண்டியது இதுதான். அந்த இடத்தை விளிம்போடு எடுத்துவிடச் சொல்லுங்கள், தள்ளிப் போட வேண்டாம், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களில் இது ஆழத்துக்கு இறங்கும் வேகம் கூடுதல். மற்ற மருக்களின் மேல் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்துப் போடுவது, அண்டி எண்ணெய், சேராங்கொட்டை வைத்துச் சுடுவது எதுவும் கூடாது. திரும்பத் திரும்ப வெந்து ஆறிய தழும்பே பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடும், நம்மைப் போன்ற கறுத்த தோலில் ஸ்குவாமஸ் புற்று பழைய தீக்காயத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும்தான் நிறைய வருகிறது. தவிர அப்படிச் சுட்டுவிட்டால் பயாப்சியில் எதுவும் தெளிவாகத் தெரியாது. வெயிலுக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, முகத்துக்கும் கைக்கும் சன்ஸ்கிரீன். கறுத்த தோலுக்கு எதற்கு என்று கரையில் கேலி செய்வார்கள், கண்டுகொள்ள வேண்டாம், கிட்னி மாற்றியவருக்கு அது மருந்து மாதிரிதான். கடலில் மேலிருந்து படுவதோடு தண்ணீரில் பட்டுத் தெறிப்பதும் சேர்ந்துகொள்ளும், தலையில் தோர்த்து கட்டினால் மட்டும் போதாது.

மாதம் ஒரு முறை உடம்பு முழுக்கப் பாருங்கள், வெயில் படாத இடங்களையும் சேர்த்து. அமெரிக்காவில் உறுப்பு மாற்று செய்த கறுப்பினத்தவர்களைப் பரிசோதித்தபோது அவர்களுடைய தோல் புற்றுகளில் பெரும்பாலானவை துணி மூடிய இடங்களில் இருந்தன, பிறப்புறுப்புப் பகுதியில் வந்தவற்றில் எச்.பி.வி. அடிக்கடி இருந்தது. நம் தோலும் அந்தப் பக்கம்தான் சேர்த்தி. வெட்கப்பட்டு அந்த இடத்தை மருத்துவரிடம் காட்டாமல் விடுபவர்கள் நிறையப் பேர், மருத்துவர்களிலும் கேட்காமல் விடுபவர்கள் உண்டு, அதனால் நீங்களே கேட்டுக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கால், நகத்தோரம், உதடு, காது மடல், முதுகு. ஒரு மாதம் ஆறாத புண், தடித்துக்கொண்டே போகும் மரு, அழுத்தினால் வலிக்கும் முடிச்சு, தானாக ரத்தம் கசிவது, இதில் எது இருந்தாலும் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மற்றபடி ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோல் மருத்துவர் பார்ப்பது நல்லது, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலேயே பார்க்கலாம், எல்லாவற்றுக்கும் திருவனந்தபுரம் ஓட வேண்டியதில்லை.

திரும்பத் திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கோ மெடிக்கல் காலேஜுக்கோ போக வேண்டி வந்தால், பயாப்சி செய்த லேபிலிருந்து ரிப்போர்ட் தாளோடு, திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள். அது இருந்தால் விளிம்பு சரியாக எடுபட்டிருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்று அங்கேயே மறுபடி பார்த்துவிடுவார்கள், இல்லையென்றால் புதிதாக வெட்டி எடுக்கச் சொல்லி இன்னும் சில வாரங்கள் போய்விடும்.